காற்றைக் குறைத்தவள்

மூன்று வாரமாக அவர் மீனில்லாமலே கரையேறினார். கேட்டால், "தண்ணி கலங்கிக் கிடக்கு" என்பார். இன்னொரு நாள், "மீனுக்கெல்லாம் விவரம் வந்துடுச்சு" என்பார். இருபது வருடமாக மூச்சடக்கி முங்கி, ஈட்டித் துப்பாக்கியால் மீன் அடித்துப் பிழைப்பவர். தோளில் அறுவை சிகிச்சை முடிந்து நாலு மாதம் ஆகியிருந்தது. "தோள் எப்படிங்க இருக்கு?" என்று மனைவி கேட்டால், "கல்லு மாதிரி இருக்கு" என்று பட்டென்று பதில் வரும்.

அவள் ரொட்டிக்கடையில் மாவு பிசைபவள். ஒரு காலை கடை அடுப்பு பழுதாகிவிட, முதலாளி எல்லோரையும் அனுப்பிவிட்டார். இவ்வளவு சீக்கிரம் வீட்டில் போய் என்ன செய்ய என்று கடலோரமாக நடந்தாள்.

இடுப்பளவுத் தண்ணீரில் அவர் நின்றிருந்தார். அந்தத் துப்பாக்கிக்குள் சைக்கிளுக்கு அடிப்பதுபோல் பம்பு வைத்துக் காற்றை அடைத்திருப்பார்கள். ஈட்டியைக் குழலுக்குள் விட்டு, அந்தக் காற்றை இன்னும் நெருக்கி, 'டக்' என்று பூட்டு விழும்வரை தள்ள வேண்டும். விசையை அழுத்தினால் காற்று ஈட்டியை வீசியெறியும். அவர் துப்பாக்கியின் அடியைத் தொடையில் ஊன்றித் தள்ளினார். பாதி தூரம் போனது. தோள் நடுங்கியது. ஈட்டி திரும்பி வந்தது. மூன்று முறை அப்படியே. பிறகு ஒரு பாறையில் ஏறி, கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

அவள் கூப்பிடவில்லை. சத்தமில்லாமல் திரும்பிவிட்டாள்.

சாயங்காலம் அவர் வெளியே போன நேரம், துப்பாக்கியைப் போர்வையில் சுற்றிக்கொண்டு பம்பு பழுதுபார்க்கும் கடைக்குப் போனாள். கடைக்காரருக்கு ஊரெல்லாம் 'வாஷர்' என்றுதான் பெயர்.

"அண்ணே, இதுல கொஞ்சம் காத்தைக் குறைச்சுக் குடுங்க."

"குறைச்சா தள்ள சுலபம்தான் தங்கச்சி. ஆனா ஈட்டியில வேகம் இருக்காது. மீனுக்குக் கிச்சுகிச்சு மூட்டின மாதிரிதான்."

"மூட்டட்டும். அவரால ஒரு தடவை தள்ள முடிஞ்சாப் போதும்."

வாஷர் வால்வைத் திறந்தார்.

மறுநாள் மதியம் கணவர் ஈரத்துணியோடு வந்து சமையலறை வாசலில் நின்றார்.

"ஈட்டி குழலுக்குள்ள வெண்ணெயில இறங்குற மாதிரி இறங்குச்சு. மீன்மேல பட்டு ரெண்டு செதிலை எடுத்துட்டு விழுந்துடுச்சு. யாரு காத்தைக் குறைச்சது?"

"நான்தான்."

"பாத்துட்டியா?"

"பாத்தேன்."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். "சொல்ல வெக்கமா இருந்துச்சும்மா."

"தினம் முப்பது கிலோ மாவைப் புரட்டுற கைங்க இது. எங்கிட்ட என்னங்க வெக்கம்? நான் தள்ளித் தர்றேன், நீங்க அடிங்க."

அவருக்குப் பொசுக்கென்று சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது.

காற்றைப் பழையபடி அடைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை இருவரும் கடலில் இறங்கினார்கள். ஆழமான இடம் வந்ததும் அவள் அவருடைய மிதவையின்மேல் நெஞ்சைச் சாய்த்துக்கொண்டாள். அவர் துப்பாக்கியை நீட்டி, ஆளில்லாத பக்கமாகக் குழலைத் திருப்பச் சொன்னார். அவள் கையால் ஒரே தள்ளு. 'டக்'.

"அடேயப்பா!" என்று துப்பாக்கியை வாங்கிக்கொண்டு அவர் முங்கினார்.

அவள் எண்ண ஆரம்பித்தாள். இருபது. நாற்பது. காலையில் போவார், மதியம் வருவார் என்பது மட்டுமே இத்தனை வருடம் அவளுக்குத் தெரியும். அறுபது. எழுபதுக்கு மேல் எண்ணிக்கை குழம்பிவிட்டது. அப்புறம்தான் அவர் தலை வெளியே வந்தது. ஈட்டியில் முழங்கை நீளத்துக்கு ஒரு மீன்.

"பாத்தியா!" என்றவர், அவள் முகத்தைப் பார்த்ததும் மீனை மறந்துவிட்டார். "என்னம்மா ஆச்சு?"

"தினமும் இவ்வளவு நேரமா உள்ளே இருப்பீங்க?"

மிதவைமேல் இருந்த அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "இனிமே நீ அம்பது எண்ணுறதுக்குள்ள வந்துடுறேன்."

"நாப்பது."

"நாப்பதுல மீனோட மூஞ்சியைக்கூடப் பாக்க முடியாது."

"சரி, நாப்பத்தஞ்சு."

அன்று இன்னும் நாலு முறை முங்கினார். அவள் வேகவேகமாகத்தான் எண்ணினாள். அதற்கும் முன்பே அவர் மேலே வந்துவிட்டார். கரையேறியதும் அவளுக்குக் குளிரில் பல் கிட்டியது. அவர் தன் துண்டை எடுத்து, நோகாத கையால் அவள் தலையைத் துவட்டினார்.