சொந்த விருப்பத்தின் பேரில்

நிலோஃபர் பயந்துபோனால் அவள் இருக்கும் கட்டடத்தின் கதவுகள் அத்தனையும் திறந்துகொள்ளும். பூட்டியது, பூட்டாதது என்ற பேதம் கிடையாது. சரவணம்பட்டிக்கு அப்பால் இருக்கும் அந்தக் கல்லூரியில் இது முதலில் நடந்தது 2022 அக்டோபரில், வாய்மொழித் தேர்வன்று. கேள்வி கேட்டவர் மேசையைத் தட்டி அதட்டியதும் மூன்று மாடிகளிலும் அறுபத்தெட்டுக் கதவுகள் திறந்தன, முதல்வர் தம்பிதுரை உள்ளே இருந்த கழிவறையின் கதவு உட்பட. காற்று என்று எழுதிவைத்தார்கள். அடுத்த ஆண்டு வினாத்தாள் வைத்திருந்த அறை திறந்துகொண்டு ஒரு தேர்வே தள்ளிப்போனபோதும் காற்று என்றுதான் எழுதினார்கள். ஆனால் அன்று மின்விசிறிகூட ஓடவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

2024 பிப்ரவரியில் ஒருநாள் காலை, விடுதி வார்டன் மெஸ் வாசலில் நிறுத்தி அவளைச் சத்தம்போட, மேல்மாடியில் பதினான்கு குளியலறைகளும் திறந்தன. உள்ளே பதினான்கு பெண்கள் இருந்தார்கள். கதவைப் பிடிக்கப் பாய்ந்த புவனா ஈரத்தில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். கட்டுப் போட்டு வந்தவள் மூன்று நாள் போர்வையை விட்டு முகத்தை வெளியே காட்டவில்லை. விடுதியே சேர்ந்து புகார் கொடுத்தது. அதில் பொய் ஒன்றுமில்லை. நிலோஃபரே அதைப் படித்துவிட்டு, "நானா இருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பேனுங்க மேடம்" என்றாள்.

அதை அவள் சொன்னது ஜெபராணியிடம். பதினேழு வருடமாகக் கணக்குப் பாடம் நடத்துபவர், மாணவர் நலப் பொறுப்பும் அவரிடம்தான். ஒரு மாணவரால் மற்றவர்களுக்குப் பெரிய தொந்தரவு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்ற விதியை ஐந்து வருடத்துக்கு முன்பு எழுதியதே அவர்தான். மாணவரையும் பெற்றோரையும் கூப்பிட்டுக் கேட்க வேண்டும், டாக்டரிடம் காட்ட வேண்டும், முடிவை எழுத்தில் கொடுக்க வேண்டும், மேல்முறையீட்டுக்கு வழி விட வேண்டும், சரியானதும் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். நல்ல விதி என்று பக்கத்துக் கல்லூரிகள்கூட நகல் வாங்கிப் போயின. எட்டுப் பேர் கூடிய கமிட்டியில் தம்பிதுரை அந்தத் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஓரமாகத் தள்ளிவைத்தார்.

"நாம அனுப்புனா நாளைக்குக் கேள்வி வருமுங்க. அந்தப் பொண்ணே சொந்த விருப்பத்துல போனா ஒரு தொல்லையும் இல்லை. மேடம் சொன்னாக் கேக்குமுங்க."

அப்படி விலகினால் சீட்டு அதோடு போயிற்று, மேல்முறையீடும் கிடையாது என்பது ஜெபராணிக்குத் தெரியும். வாயைத் திறக்க நினைத்தார். டீ வந்தது. எடுத்துக் குடித்தார்.

மறுநாள் நிலோஃபரைத் தன் அறையில் உட்காரவைத்து, "ஒரு வருஷம் வீட்ல இருந்து உடம்பைப் பாத்துட்டு வா கண்ணு. உன் சீட்டு எங்கயும் போகாது" என்றார்.

"கண்டிப்பா எடுத்துக்குவாங்களா மேடம்?"

"நான் இருக்கேனில்ல?"

சொந்த விருப்பத்தின் பேரில் விலகுவதாக எழுதியிருந்த தாளில் அவள் கையெழுத்துப் போட்டாள். அப்போது கட்டடத்தில் ஒரு தாழ்ப்பாள்கூட அசையவில்லை. அவள் துளியும் பயப்படவில்லை என்பதற்கு அதைவிட அத்தாட்சி வேண்டியதில்லை. பிற்பாடு ஜெபராணி மாதாகோவிலில் முழங்கால் போட்டால்கூட அந்த அமைதிதான் முன்னால் வந்து நிற்கும்.

2025 ஜூனில் நிலோஃபர் டாக்டர் கடிதத்தோடு வந்தாள். பயப்படுவது நோயல்ல, தாராளமாகப் படிக்கலாம் என்று இரண்டே வரி எழுதியிருந்தது. அவள் வருவதை ஜன்னலில் பார்த்த ஜெபராணி, தான் லீவு என்று சொல்லச் சொல்லிவிட்டு அறையைப் பூட்டிக்கொண்டார். அலுவலகத்தில், "நீயே போயிட்டயேம்மா, திரும்பச் சேர வழியில்லை" என்று கோப்பை விரித்துக் காட்டினார்கள். அறுபத்தெட்டுக் கதவுகளும் திறந்தன. வராந்தாவின் அந்தக் கோடியில் நிலோஃபர் நின்றாள். இந்தக் கோடியில், விளக்கை அணைத்துவிட்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஜெபராணி உட்கார்ந்திருந்தார். அவள் நடந்து வந்தாள். "சாத்திர்றேனுங்க மேடம்" என்று சொல்லி, கதவைச் சத்தமில்லாமல் இழுத்துச் சாத்திவிட்டுப் போனாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜெபராணி கோவிலுக்குப் போகாமல் சிங்காநல்லூரில் பஸ் ஏறிப் பல்லடம் வழியாகத் தாராபுரம் போனார். நிலோஃபரின் அம்மா உம்மல் குல்சும் தைத்துக்கொண்டிருந்த துணியை ஒதுக்கிவிட்டு, "வாங்க மேடம், வெயில்ல வந்திருக்கீங்க" என்று மோர் கொடுத்தார். ஜெபராணி டம்ளரைத் தொடவில்லை. உள்ளேயிருந்து வந்த நிலோஃபரைப் பார்த்துச் சொன்னார்:

"திரும்ப எடுக்க மாட்டாங்கன்னு அன்னைக்கே எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் உன்கிட்டக் கையெழுத்து வாங்கினேன்."

நிலோஃபரின் முகம் வெளுத்தது. முதலில் அந்த வீட்டுக் கதவுகள் திறந்தன, பிறகு எதிர்வீடு, பிறகு தெரு முழுக்க, பூட்டிக்கிடந்த ரேஷன் கடை வரைக்கும். பாதி சவரம் செய்த முகத்தோடு ஒருவர், தோசைக் கரண்டியோடு ஒரு பெண், இன்னும் யார் யாரோ, எல்லோரும் தன்னையே பார்ப்பதுபோல் ஜெபராணிக்கு இருந்தது. தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் யாரும் பார்க்கவில்லை. அவரவர் கதவை அவரவர் சாத்திக்கொண்டு வேலையைப் பார்க்கப் போனார்கள். ரேஷன் கடைக் கதவை வழியே போன ஒருவர் சைக்கிளை நிறுத்தி இழுத்துவிட்டுப் போனார்.

"குளிக்கறப்ப என்ன செய்வீங்க?" என்று கேட்டார் ஜெபராணி. அந்த நேரத்தில் வேறெதுவும் அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை.

"பாத்ரூமுக்குள்ள ஒரு திரை கட்டிக்குவோமுங்க. பெருசாப் பயந்தாத் தெருவே தெறந்துக்கும், அதனால இந்தத் தெருவுல எல்லா ஊட்லயும் உண்டு. புள்ள பொறந்ததுல இருந்தே அப்படித்தானுங்க."

எட்டுப் பேர் கமிட்டியில் ஒருவருக்கும் இந்த அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்கத் தோன்றவில்லை. கேட்க வேண்டும் என்று விதி எழுதியவருக்கும் தோன்றவில்லை.

நடந்ததையெல்லாம் தன் பெயர் போட்டு எழுதி ஜெபராணி பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். ஐந்து மாதம் கழித்து, அந்த விலகல் செல்லாது என்று உத்தரவு வந்தது. நலப் பொறுப்பை அவரிடமிருந்து எடுத்துவிட்டார்கள். தம்பிதுரை அவரோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். விடுதியின் பதினான்கு குளியலறைகளுக்கும் நீலத் திரை வந்தது. கம்பியை மாட்ட ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் புவனா. நிலோஃபர் வராந்தாவில் எதிர்ப்பட்டால் ஜெபராணிக்கு வணக்கம் சொல்வாள், நின்று பேச மாட்டாள். அவர் அதை எதிர்பார்ப்பதுமில்லை.

போன செவ்வாய்க்கிழமைகூட, செமஸ்டர் முடிவு வந்த நேரத்தில், எல்லாக் கதவுகளும் திறந்தன. ஜெபராணி பலகையில் எழுதுவதை நிறுத்தவில்லை. வாசலோரம் இருந்த பெண் நோட்டிலிருந்து கண்ணெடுக்காமல் காலை நீட்டிக் கதவைத் தள்ளிவிட்டாள்.