ராட்சசனுக்குக் கட்டிய பல்

அந்த டைனோசருக்கு அவன் பல் கட்டியிருக்கவே கூடாது. கட்டித் தொலைத்தான்.

பல் செட் செய்யும் லேபில் வேலை. நண்பர்கள் வைத்த பெயர் பல்லுக்காரன். டைனோசர் படங்களில் வரும் மிருகங்களை, தோல் சுருக்கம் முதல் நகக்கீறல் வரை அச்சு அசலாகச் செய்து விற்பார்களே, அந்தப் பொம்மைகளைச் சேர்ப்பதில் அவனுக்குப் பைத்தியம். அவன் அக்காவுக்கு அதைவிடப் பெரிய பைத்தியம்.

ஆனால் ஆறு வருடமாக அக்கா அவனோடு பேசவில்லை. அவள் வீட்டில் நீளக்கழுத்துப் பொம்மை ஒன்றின் வால் உடைந்தது. அக்கா மகள்தான் உடைத்தாள் என்று இவன் கூசாமல் சொன்னான். ஒன்பது வயதுக் குழந்தை, நான் தொடவே இல்லை என்று விக்கி விக்கி அழுதது. அக்கா தன் மகளை நம்பினாள், தம்பியைத் தலைமுழுகினாள்.

போன மாதம் அவளே இறங்கி வந்தாள். வீட்டுக்கு வெள்ளை அடிக்கிறார்களாம். படத்தின் மூன்றாம் பாகத்தில் வரும் ராட்சச டைனோசர் பொம்மையை மட்டும் நீ வைத்திரு என்று கொடுத்துவிட்டுப் போனாள். இது சோதனைதான் என்று இவனுக்குப் புரியாமலா இருக்கும்?

இங்கேதான் அவனுடைய திமிர் வேலையைக் காட்டியது. முதல் இரண்டு பாகங்களையும் நாற்பது தடவை பார்த்தவன், மூன்றாவதைக் குப்பை என்று சொல்லிப் பார்க்கவே இல்லை. தூசி தட்டும்போது ராட்சசனின் மேல்வரிசையில் ஒரு பல் பாதியாக நிற்பதைக் கண்டான். தன் கை பட்டுத்தான் போயிற்று என்று நினைத்தான். உடைந்த துண்டைத் தரையெல்லாம் தேடினான். பிறகு லேபில் உட்கார்ந்து, மனிதர்களுக்குக் கட்டுகிற பசையிலேயே மீதிப் பல்லைக் கட்டி, சாயம் ஏற்றினான். பிறவிப் பல்லே தோற்றுப்போகும்.

அந்தப் பெருமையில் படம் எடுத்து நண்பர்கள் குழுவில் போட்டான். இன்று காலை ஒருவன் படத்தின் காட்சி ஒன்றை அனுப்பி, இதுக்கு எப்போ பல்லு முளைச்சுது என்று கேட்டிருந்தான். ராட்சசன் லாரியைக் கடிக்கும்போது அந்தப் பல் உடைகிறது. பொம்மையே உடைந்த பல்லோடுதான் வருகிறது.

பொம்மையை வாங்கிப்போக அக்கா மாலை ஐந்து மணிக்கு லேபுக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு பெரியவரின் கீழ்வரிசையில் மேல்வரிசைப் பல்லை வைத்து முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். வாசலுக்குப் போனான், வந்தான், தண்ணீர் குடித்தான், மறுபடி வாசலுக்குப் போனான். அக்காவிடம் சொல்லிவிடலாமா? ஒன்றைச் சொன்னால் மற்றதும் வாயில் வந்து நிற்குமே!

நாலரைக்குப் பல் ராவுகிற சின்ன மோட்டாரை எடுத்தான். கட்டிய பல்லை அறுத்து, விளிம்பைப் பழையபடி சொரசொரப்பாக்கினான். அறுத்த துண்டு சட்டைப்பைக்குள் போயிற்று. பிரம்மாவே வந்து பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

அக்கா வந்தாள். பொம்மையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், வாய்க்குள்ளும் பார்த்தாள். அவன் உயிர் அவன் கையில் இல்லை. கடைசியில் அவள் கண் கலங்கியது.

“ஒரு கீறல் இல்லடா. இப்படிப் பாத்துக்கறவனா அன்னிக்கு வாலை உடைச்சிருப்பான்? அவதான் உடைச்சிருக்கா. அவ பேச்சைக் கேட்டு உன்னை ஒதுக்கி வச்சேனே. வீட்டுக்குப் போய் அவளை ஒரு பிடி பிடிக்கறேன்.”

ஜெயித்துவிட்டான். இத்தனை வருடம் ஏங்கியது இதற்குத்தானே? ஆனால் அந்தக் குழந்தையின் விக்கல் காதிலேயே நின்றது. இப்போது அவளுக்குப் பதினைந்து வயது. இன்று மறுபடியும் நான் இல்லை என்று அழுவாள். இந்த முறை அவளை நம்ப ஆள் இருக்காது.

சட்டைப்பையிலிருந்து துண்டை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

“இதுக்குப் பல்லு கட்டினதும் நான்தான்க்கா, அறுத்ததும் நான்தான். அன்னிக்கு வாலை உடைச்சதும் நான்தான். பாப்பா பொய் சொல்லல.”

அக்கா அந்தத் துண்டை எடுத்துப் பொம்மையின் பல்லோடு பொருத்திப் பார்த்தாள். பொம்மையைப் பெட்டியில் வைத்து மூடினாள். போனை எடுத்து மகளின் எண்ணை அழுத்தி, அவன் முன்னால் நீட்டினாள்.

“என்கிட்ட சொல்லி என்ன? அவகிட்ட சொல்லு.”

மணி நான்கு முறை அடித்தது. “சொல்லும்மா” என்றது வளர்ந்த பெண் குரல்.

“அம்மா இல்ல பாப்பா,” என்றான். “மாமா பேசறேன்.”