உட்காருவாள் அல்லது சாப்பிடுவாள்

2019 டிசம்பர் 20, வெள்ளிக்கிழமை. மினசோட்டாவின் வடக்கே ஹார்லன் என்ற சிற்றூரில் பள்ளிக்கூடம் குளிர்கால விடுமுறைக்காகப் பிற்பகலில் மூடப்பட்டது.

ஒன்பது வயது மகள் பிரிட்டாவைப் பள்ளி வாசலிலேயே காரில் ஏற்றிக்கொண்டு, டெனிஸ் தன் அக்கா மார்லிஸ் வீட்டுக்குப் புறப்பட்டாள். பிரிட்டாவுக்கு ஏ.டி.எச்.டி., ஓரிடத்தில் உட்காரவோ ஒன்றில் கவனம் வைக்கவோ விடாத குறைபாடு. இரண்டு மருந்துகள் பயனில்லாமல் போய், மூன்றாவதுதான் அவளை வகுப்பில் உட்கார வைத்திருந்தது. முதன்முறையாக ஒரு கதைப்புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை படித்திருந்தாள். ஆனால் மாத்திரை பசியை அடியோடு கெடுத்துவிட்டது.

"லீவு முழுக்க மாத்திரைய நிறுத்துங்க, நல்லா சாப்பிடட்டும்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். "ஜனவரியிலயும் எடை ஏறலன்னா மருந்தையே மாத்த வேண்டியதுதான்."

இதைக் கேட்ட மார்லிஸுக்குக் காதில் தேன் பாய்ந்தது. அந்த மாத்திரையை ஆரம்பம் முதலே எதிர்த்தவள் அவள்.

"நான்தான் அப்பவே சொன்னேனே! குழந்தைன்னா ஓடத்தான் செய்யும். வெளிய அனுப்பு, பனியில விளையாடட்டும். அதுக்கு மேல ஒரு மருந்து கிடையாது."

பிரிட்டா பனியில் விளையாடினாள். அந்தப் பனியோடு வரவேற்பறைக்கும் வந்தாள். கிறிஸ்துமஸ் மரத்தைச் சாய்த்தாள். பியானோவில் ஒரே பாட்டின் முதல் வரியை மட்டும் நாள் முழுக்க வாசித்தாள். நடுநடுவே ஓடிவந்து எதையாவது வாயில் போட்டுக்கொண்டாள். டெனிஸின் கண்ணில் அது மட்டும்தான் பட்டது.

இருபத்து நான்காம் தேதி காலை மார்லிஸ் தங்கையைத் துணி துவைக்கும் அறைக்கு இழுத்துப்போய்க் குரலைத் தாழ்த்தினாள்.

"டெனிஸ், அந்த மாத்திரை கையில இருக்கா?"

"எதுக்கு?"

"சாயங்காலம் பாதிரியாரும் அவர் சம்சாரமும் சாப்பிட வர்றாங்க. ஒரே ஒரு நாள்தானே."

"ஓடத்தான் செய்யும்னியே அக்கா?"

"ஓடட்டும்டி, யாரு வேண்டாம்னா? பாதிரியார் முன்னாடி ஓட வேண்டாம்."

"மாத்திரை போட்டா உட்காருவா, சாப்பிட மாட்டா. போடலன்னா சாப்பிடுவா, உட்கார மாட்டா. எது வேணும் உனக்கு?"

"ஒரு வேளை சாப்பாடு அவ்வளவு முக்கியமா?" என்றாள் மார்லிஸ். அவள் சமையலறையில் எட்டுப் பேருக்குப் போதுமான பன்றித் தொடை வெந்துகொண்டிருந்தது.

டெனிஸின் கை கைப்பைக்குள் போனது. அக்காவோடு மல்லுக்கட்டுவதைவிட அது எளிது. மாத்திரை டப்பாவைத் தொட்டுப் பார்த்துவிட்டு வெறுங்கையை வெளியே எடுத்தாள்.

சாயங்காலம் பாதிரியார் ஜெபத்தை முடிப்பதற்குள் பிரிட்டா நாற்காலியில் இல்லை. அடுத்த நிமிடம் மார்லிஸின் கணவர் வெர்லினும் எழுந்தார். "காரேஜ்ல ஹீட்டரப் பாத்துட்டு வந்துடறேன்."

முப்பது வருடங்களாக எந்த விருந்திலும் வெர்லின் தட்டைக் காலிசெய்யும்வரை உட்கார்ந்ததில்லை. ஹீட்டர் இல்லாவிட்டால் தண்ணீர்க் குழாய், குழாய் இல்லாவிட்டால் கார் பேட்டரி. காரேஜில் பாதி கட்டிய படகு ஒன்றும், பாதி வண்ணமடித்த பறவைக் கூண்டுகளும், பிரித்துப்போட்ட பனி தள்ளும் இயந்திரமும் கிடந்தன.

"அவரால உழைக்காம இருக்க முடியாது, பாஸ்டர்" என்று மார்லிஸ் சிரித்தாள். "பிரிட்டாவுக்குத்தான் என்னமோ வியாதியாம்."

டெனிஸ் எழுந்தாள். ஒரு தட்டில் இறைச்சியும் உருளைக்கிழங்கு ரொட்டியும் அடுக்கிக்கொண்டு காரேஜுக்குப் போனாள். பிரிட்டா படகின் விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தாள். அம்மா நீட்டிய தட்டிலிருந்து மறு கையால் எடுத்துத் தின்றாள்.

"பெரியப்பா, இத எப்ப முடிப்பீங்க?"

"முடிச்சுட்டா? அப்புறம் எதச் சாக்கு வெச்சு நான் இங்க வர்றது?" என்றார் வெர்லின், அதே தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்தபடி.

டெனிஸ் தட்டை இன்னும் இரண்டு முறை நிரப்பிவந்தாள்.

விடுமுறை முடிந்த ஞாயிறு, தேவாலயத்தில் காப்பி நேரத்தில், மாத்திரையே இல்லாமல் பனிக்காற்றில் தங்கை மகளைத் தேற்றிவிட்டதாக மார்லிஸ் நான்கு பேரிடம் சொன்னாள். செவ்வாய்க்கிழமை டாக்டர் பிரிட்டாவை நிறுத்துப் பார்த்தார். மூன்று பவுண்டு கூடியிருந்தது. அதே மாத்திரையைத் தொடரச் சொன்னார்.