வௌவால் காய்ச்சல்

மாலை ஐந்தே முக்காலுக்கு, கடைசி வாசகரின் எதிரே நின்று கொட்டாவி விட்டே அவரை வெளியேற்றுவது நூலக உதவியாளர் தூசி அண்ணனின் வழக்கம். நிஜ வேலை அதற்குப் பிறகுதான். பதினெட்டு அலமாரிகள், ஆறு மேசைகள். எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் விரிப்பு போர்த்த வேண்டும். காலையில் அவற்றை எடுத்து உதறி, கழுவி, காயப்போட வேண்டும். கூரைக்கும் பலகைத் தடுப்புக்கும் நடுவே குடியிருந்த வௌவால்கள்தான் காரணம். இருட்டியதும் பலகை இடுக்கு வழியே இறங்கிப் பூச்சி பிடிக்கும். பிடித்த கையோடு எச்சத்தையும் போட்டுவிட்டுப் போகும்.

பேய்க்கதை அலமாரியில் வௌவால்கள் ரத்தம் குடித்தன, பூனைகள் சூனியக்காரிகளுக்குத் துணை போயின. கூரையில் இருந்தவை அந்தப் புத்தகங்களைப் படித்ததில்லை போலும். காகிதம் அரிக்கும் பூச்சிகளைத் தின்றே காலம் தள்ளின. நூலகத்துப் பூனையும் படித்ததில்லை. புத்தகம் வாங்கும் மேசை மேல் படுத்து, வருகிறவர்களை அரைக்கண்ணால் அளந்துகொண்டிருந்ததால் அதற்கு ‘மேனேஜர்’ என்று பெயர். தூசி அண்ணனின் சாப்பாட்டு டப்பாவில் பாதி அதற்குத்தான். மனைவியைவிட அதனிடம்தான் அதிகம் பேசுவார். “வீட்ல பேசினா பதில் வருதே” என்பார்.

ஒரு திங்கட்கிழமை அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில், யார் அனுப்பியதோ தெரியாதபடி, இன்னொரு எண்ணிலிருந்து தட்டிவிட்டார்: ‘எச்சரிக்கை! நூலகக் கூரையிலிருந்து வௌவால் காய்ச்சல் பரவுகிறது. ஒரு பெரிய டாக்டர் சொன்னது. குடும்பத்தின் மேல் பாசம் இருந்தால் பத்துப் பேருக்கு அனுப்பவும்.’

வௌவால் போனால் விரிப்பு வேலை மிச்சம். அவ்வளவுதான் அவர் யோசித்தது.

“டேய் மேனேஜர், இனிமே நமக்கு ரெஸ்ட்டுடா.”

மேனேஜர் காதை மட்டும் ஆட்டியது.

வியாழக்கிழமை அந்தச் செய்தி நன்றாகத் தின்று கொழுத்து வீட்டுக்கே திரும்பி வந்தது. டாக்டர் வெளிநாட்டுக்காரர் ஆகியிருந்தார். நான்கு பேர் செத்திருந்தார்கள்.

“ஏங்க, நீங்க வேலை பாக்குற இடமாமே!” என்றாள் மனைவி.

“அதெல்லாம் சும்மாடி.”

“உங்களுக்கு என்ன தெரியும்? டாக்டரே சொல்லியிருக்காரு.”

வெள்ளிக்கிழமை மதியம் ஏணியும் சிமென்டுமாக ஆட்கள் வந்தார்கள். கூரையின் ஓட்டைகளையும் பலகை இடுக்குகளையும் ஒன்று விடாமல் அடைத்தார்கள்.

“மேஸ்திரி, பகல்ல அதுங்க உள்ளதான் தூங்கும்!” என்றார் தூசி அண்ணன்.

“தெரியும்ணே. அதான் பகல்ல வந்தோம்.”

மூன்று நாட்கள் தலைக்கு மேல் கீறும் சத்தம் கேட்டது. நான்காம் நாள் கேட்கவில்லை. துரத்திவிடுவார்கள் என்றுதான் தூசி அண்ணன் நினைத்திருந்தார். அன்று டப்பாவைத் திறக்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை அடைக்கும்போதே கீழே விழுந்து செத்த ஒரு வௌவாலை மேனேஜர் வாயில் கவ்விக்கொண்டு வாசிப்பு அறையைக் கடந்திருந்தது. யாரோ படம் பிடித்திருந்தார்கள். அந்தப் படம் ஊரைச் சுற்றிவர, நோய் ‘பூனைக் காய்ச்சல்’ ஆனது. செவ்வாய்க்கிழமை காலையில் வலையும் சாக்குமாக வண்டி வந்து நின்றது. வாசலில் கூட்டம்.

“பிடிச்சு என்ன பண்ணுவீங்க?” என்றார் தூசி அண்ணன்.

“கொல்ற ஊசிதான்” என்றான் வண்டிக்காரன்.

அவர் வாசலை மறித்து நின்றார். “நிறுத்துங்க! காய்ச்சலே கிடையாது. நான்தான் எழுதினேன். விரிப்பு போடச் சோம்பேறித்தனம். எல்லாம் பொய்!”



“பாவம், பயத்துல உளர்றாரு” என்றார் நூலகர் அம்மா.

“உளர்றதுதான் முதல் அறிகுறின்னு போட்டிருக்கே!” என்றது ஒரு குரல். எல்லோரும் ஓரடி பின்னால் போனார்கள்.

அதுவரை அலமாரி உச்சியில் பதுங்கி, எவன் கைக்கும் சிக்காமல் போக்குக் காட்டிய மேனேஜர், அவர் குரல் கேட்டதும் குதித்து ஓடிவந்து காலில் உரசியது. சாக்கு அங்கேயே அதன் மேல் விழுந்தது.

தூசி அண்ணனைப் பதினைந்து நாள் வீட்டோடு இருக்கச் சொன்னார்கள். திரும்பி வந்தபோது விரிப்பு வேலை நிஜமாகவே மிச்சமாகியிருந்தது. முதல் அலமாரியில் ஒரு புத்தகத்தை எடுத்தார். அட்டை மட்டும் கையோடு வந்தது. உள்ளே இருந்தது மாவாகத் தரையில் கொட்டியது. எலி ஒன்று, முன்பு மேனேஜர் படுத்திருந்த மேசையைச் சாவகாசமாகக் கடந்தது.

அன்று மாலை மனைவி கைப்பேசியோடு வந்தாள். “ஏங்க, பால்ல ஏதோ கலக்குறாங்களாம். அக்கா அனுப்பியிருக்கா. எல்லாருக்கும் அனுப்பட்டுமா?”

தூசி அண்ணன் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “அனுப்பறதுக்கு முன்னாடி உண்மையான்னு விசாரிச்சுக்கம்மா. அனுப்பிட்டா அப்புறம் எழுதினவனே வந்து பொய்னு கதறினாலும் ஒருத்தனும் நம்ப மாட்டான். அதுக்குள்ள ஒரு உயிர் போயிருக்கும்.”

அவள் கண் கலங்கிவிட்டது. “எவ்வளவு நல்லா சொன்னீங்க! இத நாலு பேர் தெரிஞ்சுக்கணும்ங்க.”

அங்கேயே உட்கார்ந்து, ஒரு வார்த்தை விடாமல் தட்டினாள். கடைசியில் விரல் தயங்கியது.

“நீங்க சொன்னதுன்னு போட்டா எவனும் படிக்க மாட்டான்” என்று, அடியில் ஒரு வரி சேர்த்து அனுப்பினாள்: ‘ஒரு பெரிய டாக்டர் சொன்னது.’