ஓசையடக்கி

தபரேஸின் பழைய சாமான் கடையில் பதினோரு மிக்சிகள் கிடந்தன. அமிர்தவள்ளி அவற்றை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை அரை நாள்தான் வேலை. ஷூ கம்பெனியில் தைக்கும் பிரிவுக்கு அவள் சூப்பர்வைசர். போட்டிருந்த நீலக் கோட்டைக்கூடக் கழற்றாமல் கம்பெனி வேனிலிருந்து இறங்கி நேராக இங்கே வந்திருந்தாள். ஆம்பூரில் இது அவள் ஏறி இறங்கும் நான்காவது கடை.

"ஓடுற மிக்சி வேணும்னா இந்தப் பக்கம் வாங்கக்கா. அதெல்லாம் காயில் போனது" என்றான் தபரேஸ்.

"ஓட வேணாம்பா."

"ஓடாத மிக்சிய வச்சி இன்னா பண்ணப் போறீங்க?"

அவள் போனை எடுத்துக் காட்டினாள். ஏதோ ஒரு பழைய வீடியோ டேப்பிலிருந்து எடுத்து யாரோ யூடியூபில் போட்டிருந்த துண்டு, இரண்டு நிமிஷம் நாற்பது விநாடி. படத்தின் குறுக்கே வெள்ளைக் கோடு ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடி போட்ட ஒருவர் மார்பில் பட்டை கட்டி, பளபளவென்று ஒரு கருவியைத் தாங்கி நின்றார். தபரேஸ் போனைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு உள்ளே போனான். கோணிப்பைகளுக்குப் பின்னாலிருந்து ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். எண்பதுகளில் வந்த மாடல். இரும்பு உடம்பு, முன்பக்கம் கறுப்புத் திருகு, அதைச் சுற்றி ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்கள். அமிர்தவள்ளி அதைக் கவிழ்த்தாள். காற்றுப் போக வட்டமாகப் போட்ட ஓட்டைகளை விரலால் தொட்டு எண்ணினாள். பதினான்கு. வீடியோவில் இருப்பதும் அதே பதினான்குதான். கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அவளுக்குப் பதினான்கு வயதும் தம்பி பரணிதரனுக்குப் பத்து வயதும் இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு டிவியில் 'ஒன்பதாவது திசை' என்று ஒரு தொடர் வந்தது. வேற்றுக் கிரகத்திலிருந்து வருகிறவர்கள் கத்தியும் துப்பாக்கியும் கொண்டுவர மாட்டார்கள். மனிதர்களின் தலைக்குள் ஓசையை விடுவார்கள். ஊரே காதைப் பொத்திக்கொண்டு தெருவில் ஓடும். அப்போது ஒரு விஞ்ஞானி ஓசையடக்கி என்ற கருவியை எடுத்துக்கொண்டு வந்து திருகைத் திருப்புவார். உடனே டிவியில் சத்தம் நின்றுவிடும். வசனம் இல்லை, பின்னணி இசை இல்லை, எதுவுமே இல்லை. பக்கத்து வீட்டுக் கூடத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் இருபது பிள்ளைகளும் மூச்சை அடக்கிக்கொள்வார்கள். பரணி அக்காவின் கையைப் பிடித்துக்கொள்வான். அந்தப் பத்து விநாடி அமைதிக்காகத்தான் அவர்கள் வாரம் முழுவதும் காத்திருந்தார்கள்.

பரணிக்கு இருபத்து நாலு வயதில் ஆரம்பித்தது. வாணியம்பாடியில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில், பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும் மர டிரம்முக்குள் தோல்கள் தண்ணீரோடு புரண்டு சுற்றும். உள்ளே யாரோ தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதாக அவன் சொன்னபோது மற்றவர்கள் சிரித்தார்கள். ஒரு நாள் டிரம்மை நிறுத்தி, கதவைத் திறந்து, ஈரத் தோல்களுக்கு நடுவே இறங்கித் தேடினான். நாலு பேர் சேர்ந்து வெளியே இழுத்தார்கள். அன்றிலிருந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. வேலூர் பாகாயம் மனநல ஆஸ்பத்திரியில் நல்ல டாக்டர்கள்தான், பொறுமையாகத்தான் பார்த்தார்கள். மாத்திரை போட்டால் குரல்கள் தெருக்கோடிக்குப் போகும். ஆனால் ஊரை விட்டுப் போகாது. அம்மா இருந்தவரை அவனை அம்மா பார்த்துக்கொண்டாள். அம்மா போனதும், இரண்டு மாசம் இருந்துவிட்டு வருகிறேன் என்று நாட்றம்பள்ளியில் புருஷன் பாண்டியனிடமும் மகள் சௌந்தர்யாவிடமும் சொல்லிவிட்டு அமிர்தவள்ளி ஆம்பூருக்கு வந்தாள். பதினான்கு மாசம் ஆகிவிட்டது. வேலையையும் இங்கேயே மாற்றிக்கொண்டாள்.

இந்த வருஷம் மாத்திரையை மூன்று முறை மாற்றினார்கள். மே மாசத்தில் ஒரு நாள் அவள் வேலை முடிந்து வந்தபோது பரணி சமையற்கட்டுச் சுவரில் தலையை முட்டிக்கொண்டிருந்தான். நெற்றியிலிருந்து மூக்கு வரை ரத்தம் வழிந்திருந்தது. அவள் குறுக்கே புகுந்து தன் உள்ளங்கையைச் சுவரில் வைத்தாள். அவன் அவள் கையில் இரண்டு முறை முட்டிவிட்டு நின்றான்.

"முடியலக்கா. ஓசையடக்கி இருந்தா போதும்" என்றான்.

குரல் கேட்கவில்லை என்று அவனிடம் சொல்லாதீர்கள், கேட்கிறது என்றும் சொல்லாதீர்கள், கஷ்டமாக இருக்கும் என்று மட்டும் சொல்லுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளும் அப்படியேதான் சொல்லிக்கொண்டு வந்தாள். சொல்லிச் சொல்லி அந்த வார்த்தை தேய்ந்துபோயிருந்தது. அவன் பத்து வருஷத்தில் முதல் முறையாக இன்னது வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டிருக்கிறான். மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் அந்த வீடியோவைத் தேடிக் கண்டுபிடித்தாள்.

ஓசையடக்கி என்பது கவிழ்த்து வைத்த மிக்சிதான் என்பது வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தபோது தெரிந்தது. அடிப்பக்கம் மேலே இருந்தது. ரப்பர் கால்களை எடுத்த இடத்தில் பித்தளை வளையங்கள். நடுவில் டார்ச் லைட்டின் வெள்ளித் தட்டு. இரண்டு பக்கமும் சுருள் சுருளாகச் செம்புக் கம்பி. குறுக்கே தோல் பட்டை. அவளுக்கு அதில் தெரியாத வேலை ஒன்றும் இல்லை. கம்பெனியில் கழித்துப் போட்ட தோலில் பட்டை அறுத்தாள். ஓரத்தை மடித்து ஒட்டித் தானே தைத்தாள். ஷூவில் கயிறு கோக்கும் வளையங்களைப் பித்தளை வளையங்களுக்குப் பதிலாகப் பதித்தாள். செம்புக் கம்பியை மட்டும் மெஷின் பழுது பார்க்கும் இருதயராஜிடம் கேட்டாள். அவர் ஒரு குழாயில் சுற்றி, ஒன்றுபோல் இரண்டு சுருள் செய்து கொடுத்தார்.

"இன்னாத்துக்கு மேடம் இது?"

"பக்கத்து வூட்டுப் பிள்ளைக்கு. ஸ்கூல் பிராஜெக்ட்."

"நல்லா வந்துச்சின்னா போட்டோ எடுத்துனு வாங்க, பாக்கலாம்" என்றார். அந்தப் பொய்யை அவள் எந்தத் தயக்கமும் இல்லாமல் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் பரணி மாத்திரை மயக்கத்தில் தூங்குவான். அப்போது அம்மாவின் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வேலை பார்த்தாள். முதலில், தம்பி கேட்டான், கையில் கொடுத்தால் கொஞ்சம் சந்தோஷப்படுவான் என்றுதான் தொடங்கினாள். பிறகு அப்படி இல்லை. ஒரு சுருளில் பதினேழு சுற்று இருக்க வேண்டும், இருதயராஜ் பதினாறுதான் சுற்றியிருக்கிறார் என்று தெரிந்தபோது அவளுக்கு வியர்த்துவிட்டது. மறுபடியும் சுற்றச் சொன்னாள். வீடியோவில் நாலாவது ஓட்டையின் ஓரம் உள்பக்கமாக மடங்கியிருந்தது. அவளும் ஆணியை வைத்துத் தட்டி மடக்கினாள். வெள்ளித் தட்டு கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்திருந்தது. அதே அளவு சாய்த்தாள். எல்லாம் அச்சாக அமைந்துவிட்டால், என்று ஒரு நினைப்பு வரும். அந்த வாக்கியத்தை அவள் மனசுக்குள்கூட முடிக்கமாட்டாள். முடிக்காமல் வைத்திருக்கும்வரை அது இருக்கலாம் என்று தோன்றியது. சோற்றை அடுப்பில் வைத்துவிட்டு மறந்தாள். கம்பெனியில் ஒரு நாள் முப்பது ஜோடிக்கு அளவு மாற்றி அனுப்பிவிட்டாள். மேனேஜர் திட்டவில்லை, உடம்பு சரியில்லையா என்று கேட்டார். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் அன்று சாயங்காலம் வேனில் அந்த வீடியோவைத்தான் பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஜூலை கடைசியில் பாண்டியன் போன் செய்தான். நாட்றம்பள்ளியில் அவனுக்கு டயர் கடை. பேசும்போது பின்னால் காற்றடிக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"வேலூருக்கு அந்தாண்ட பரணிக்கு ஒரு ஹோம் விசாரிச்சேன் அமிர்தா. ஒரு எடம் காலியாவுதாம். நேர்ல போய்ப் பாத்துட்டுதான் வந்தேன், சுத்தமா வச்சிகிறாங்க. பத்து நாள்ல சொல்லணும்."

"அவன் பழக்கம் இல்லாத எடத்துல இருக்க மாட்டான்ங்க."

"நானும் பழக்கம் இல்லாமதான் இருக்கேன்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. "சௌந்தர்யா நேத்து அம்மா எப்ப வரும்னு கேக்கல. முன்னெல்லாம் கேட்டுனே இருப்பா. அத சொல்லலாம்னுதான் போன் பண்ணேன்."

சொல்கிறேன் என்று அவள் போனை வைத்தாள். பத்து நாள். பட்டைக்கு இன்னும் சாயம் ஏற்ற வேண்டியிருந்தது.

ஆகஸ்ட் முதல் ஞாயிற்றுக்கிழமை. டீ குடித்துவிட்டுப் பரணி கட்டிலில் உட்கார்ந்திருந்தான். அன்று குரல்கள் அதிகம் என்பது அவன் தாடை அசைவதிலேயே தெரிந்தது. யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தான். மணி பதினொன்று ஆகட்டும் என்று அவள் காத்திருந்தாள். பதினொன்றானதும் அம்மாவின் அறையிலிருந்து துணியில் சுற்றியிருந்ததைக் கொண்டுவந்து அவன் மடியில் வைத்தாள்.

பரணி துணியை விலக்கினான். அவன் தாடை அசைவது நின்றது. சுருளைத் தொட்டான். பட்டையின் தையலை நகத்தால் வருடினான். பிறகு ஓட்டைகளை விரலால் தடவிக்கொண்டே வந்தவன் நாலாவதில் நின்றான்.

"இத கூட மடக்கியிருக்க."

"ஆமா."

"ரொம்ப கரெக்டா இருக்குக்கா."

"திருப்பு" என்றாள் அவள். தன் குரல் தனக்கே கேட்கவில்லை போலிருந்தது. "மூணு வரைக்கும் திருப்பு பரணி."

அவன் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். அவள் கைகள் இரண்டையும் கோத்து மார்போடு அழுத்திக்கொண்டிருந்தாள், கோயிலில் திரை விலகுவதற்கு முன் நிற்பவளைப் போல. அவன் முகம் மாறியது. பல வருஷமாக அவள் பார்க்காத முகம் அது. தோல் ஷாப்புக்குப் போகும் காலத்தில், சைக்கிளைத் துடைத்துக்கொண்டே அவளோடு பேசுவானே, அந்த முகம்.

"அக்கா, இது மிக்சி" என்றான்.

அவள் கோத்திருந்த கைகளைப் பிரித்தாள்.

"அப்பவே எனக்குத் தெரியும். பக்கத்து வூட்டுல இருக்குற மாதிரி மிக்சின்னு ஒன்கிட்ட சொன்னேன். நீதான் மத்த பசங்ககிட்ட சொல்லாதடான்ன." மெதுவாக, தவறி விழாதபடி அந்தக் கருவியைக் கட்டிலில் வைத்தான். "அன்னிக்கி வலியில சொன்னேன். செவுத்துல முட்டிக்கிறவன் எத வேணா சொல்வான். நீ அத போய்... எத்தினி நாளா பண்ற இத?"

"ரெண்டு மாசத்துக்கு மேல இருக்கும்."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல."

அவன் கொஞ்சம் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டான். அவள் உட்கார்ந்தாள். அவன் அவள் கண்ணையே உற்றுப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, ஒவ்வொரு கேள்விக்கும் நடுவில் இடம் விட்டுக் கேட்டான்.

"ஒழுங்கா தூங்குறியாக்கா? பசி எடுக்குதா? வேலைல கவனம் நிக்குதா?"

பாகாயத்தில் பதினெட்டு வருஷமாக மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்து டாக்டர்கள் அவனிடம் கேட்ட கேள்விகள். கேட்ட தினுசும் அதேதான். தூங்குறேன் என்று சொல்ல வாயெடுத்த அமிர்தவள்ளி குனிந்து முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டாள். பரணி அவள் முதுகில் கை வைத்தான். அப்படியே தலையைச் சாய்த்து வேறு எதையோ கேட்பவன்போல ஒரு கணம் இருந்தான். அவனுக்குள் அவை நிற்கவில்லை. அவற்றைத் தள்ளிக்கொண்டுதான் அவளோடு பேசிக்கொண்டிருந்தான்.

"மாமா போன்ல பேசினது காதுல வுழுந்துச்சி. நான் போறேன்னு சொல்லிடு" என்றான்.

"வேணாம்டா. நான் பாத்துக்குறேன்."

"நீ பாத்துகினது போதும். ஒன்ன யாரு பாக்குறது? ரெண்டு பேரும் இங்கயே கெடந்தா, ரெண்டு பேரும் கேட்டுனு இருப்போம்."

அந்த வாரம் வியாழக்கிழமை அவனைக் கூட்டிக்கொண்டு போனாள். பாண்டியன் காரோடு வருகிறேன் என்றான், அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். கிளம்பும்போது ஓசையடக்கியையும் எடுத்துக்கொள்கிறாயா என்று கேட்டாள். பரணி சிரித்து, அங்கே இருக்கிறவங்க கேட்டா என்ன சொல்றது என்றான். ஹோம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, புளியமரங்களுக்கு நடுவே இருந்தது. பாண்டியன் சொன்னது போலச் சுத்தமாகத்தான் இருந்தது. வராந்தாவில் ஒரே நீலத்தில் ரப்பர் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன, ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயின்டில் எண். கையெழுத்துகள் முடிந்ததும் அங்கே வேலை செய்யும் ஆரோக்கியமேரி என்ற பெண் ஒரு ஜோடியை எடுத்து வந்து பரணியின் காலடியில் போட்டாள். எண் இருபத்தாறு. கயிறு வச்ச ஷூ உள்ள கூடாது அண்ணா, என்றாள். சொல்லும்போது தயங்கித்தான் சொன்னாள்.

பரணி படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினான். அவனுக்குக் கயிற்று முடிச்சு அவிழவில்லை. அமிர்தவள்ளி குனிந்து அவிழ்த்தாள். அவன் நீலச் செருப்பில் காலை நுழைத்துக்கொண்டு, யாரோ கூப்பிட்டது போலச் சட்டென்று உள்ளே திரும்பிப் பார்த்தான். உண்மையிலேயே யாரும் கூப்பிட்டார்களா என்று அவளுக்குத் தெரியவில்லை. வரேன்க்கா என்று சொல்லிவிட்டு நடந்தான். செருப்பு ஒரு அளவு பெரிது. குதிகாலில் அடித்து அடித்து எழுந்த சத்தம் வராந்தா திரும்பும் வரை கேட்டது.

வேலூரில் கிருஷ்ணகிரி பஸ் நின்றது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். பரணியின் ஷூக்களைப் பைக்குள் வைக்காமல் மடியிலேயே வைத்திருந்தாள். பள்ளிகொண்டா தாண்டியதும் கண்டக்டர் வந்தார்.

"எங்கம்மா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆம்பூரா, வாணியம்பாடியா, நாட்றம்பள்ளியா, எங்க எறங்கணும்?"

பின்னால் இருக்கிறவர்களுக்குச் சீட்டுக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று அவர் நகர்ந்தார். ஜன்னல் வழியே வெயில் மடியில் விழுந்துகொண்டிருந்தது. அமிர்தவள்ளி இடது கால் ஷூவுக்குள் கையை விட்டாள். உள்ளே விரல்கள் அழுந்திய ஐந்து குழிகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் தன் விரலைப் பொருத்தி வைத்துக்கொண்டாள். தோல் இன்னும் ஈரமாக இருந்தது.