மெரின் முன்கூட்டிப் பிடித்த பந்துகள்

மெரின் தன் வாழ்க்கையில் தடுத்த முதல் பந்து, அவள் அதைத் தடுத்து நாற்பது நிமிஷம் கழித்துத்தான் உதைக்கப்பட்டது. அது 2017 ஆகஸ்டு மாதத்து வெள்ளிக்கிழமை. பள்ளிகளுக்கு இடையிலான கால்பந்துப் போட்டிக்காக அப்பா அல்போன்சின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து ரெட்டியார்பாளையத்திலிருந்து உப்பளம் மைதானத்துக்குப் போய்க்கொண்டிருந்த பதின்மூன்று வயதுப் பெண், இந்திரா காந்தி சதுக்கத்து சிக்னலில் வண்டி நின்றதும் இடது பக்கமாகப் பாய்ந்து தார் ரோட்டில் விழுந்தாள். இரண்டு கைகளையும் நெஞ்சோடு சேர்த்து எதையோ இறுக்கி அணைத்திருந்தாள். அணைப்புக்குள் ஒன்றும் இல்லை. உள்ளங்கைகள் மட்டும் பிரம்படி பட்டதுபோலச் சிவந்திருந்தன. "பின்னாடி தூங்கிட்டியா?" என்று கேட்ட அல்போன்ஸ், முழங்கையிலிருந்த ரத்தத்தைத் துடைத்துவிட்டு அவளை மைதானத்தில் இறக்கினார். ஆட்டம் தொடங்கிப் பன்னிரண்டாவது நிமிஷத்தில் எதிரணிப் பெண் உதைத்த பந்து கோலின் இடது மூலைக்குப் போனது. அங்கே யாரும் இல்லை. இருந்தும் எதன் மேலோ மோதி நின்று, புல்லில் விழுந்து, இரண்டு சுற்றுச் சுற்றி அடங்கியது. மெரின் கோல் நடுவில் நின்ற இடத்திலேயே நின்றாள். நடுவர் போய் அந்தக் காற்றைக் கையால் தடவிப் பார்த்தார். ஒன்றும் தட்டுப்படாததால் ஆட்டத்தைத் தொடரச் சொன்னார்.

அதற்குப் பிறகு அப்படித்தான் நடந்துவந்தது. பதினான்கு வயதில் இரண்டு மணி நேரம் முந்தி, பதினாறில் ஒரு நாள் முந்தி, கல்லூரியில் சேர்ந்தபோது ஒரு வாரம் முந்தி, இருபதில் ஏறக்குறைய மூன்று வாரம் முந்தி அவள் உடம்பு பாய்ந்தது. பயிற்சியில் வரும் பந்துகளை எல்லோரையும்போல அந்தந்த நேரத்தில்தான் பிடித்தாள். போட்டிப் பந்துகள் மட்டும் முன்னாலேயே வந்தன, அதுவும் வரிசை மாறாமல். முதலில் பாய்ந்தது முதலில், அடுத்தது அடுத்ததாக. ஊர் இதற்குப் பழகிக்கொண்டது. கதிர்காமம் வழியாகப் போகும் பஸ்களில் அவள் ஏறினால் கண்டக்டர்கள் கூடைகளை ஓரமாக நகர்த்தச் சொன்னார்கள். கோவிலில் அவள் உட்காரும் பெஞ்சில் இடமும் வலமும் ஓர் ஆள் அகலத்துக்குக் காலியாக விட்டார்கள். தையல்காரியான அம்மா பெர்னதெத், மகளின் சுடிதார்கள் எல்லாவற்றிலும் இடுப்புப் பக்கத்திலும் முழங்கையிலும் பஞ்சு வைத்துத் தைத்தாள். கிறிஸ்துமஸுக்கு எடுத்த பட்டுப் பாவாடைக்குக்கூடப் பஞ்சு உண்டு. தெருவில் அவள் விழுந்து எழுந்தால் பக்கத்தில் நிற்பவர் "பிடிச்சியா?" என்று கேட்பார், அவள் "பிடிச்சிட்டேன்" என்பாள், இருவரும் தங்கள் வழியில் போவார்கள். நடுவர்கள் சங்கம் இரண்டு முறை கூடி விதிப் புத்தகத்தைப் புரட்டியது. பெனால்டி உதைக்கப்படும்போது கோல்கீப்பரின் ஒரு காலாவது கோட்டின் மேல் இருக்க வேண்டும் என்று போட்டிருந்தது. மெரினுக்கு இரண்டு காலும் கோட்டின் மேல் இருந்தன. மூன்று வாரம் முன்பே பிடித்துவிடக் கூடாது என்று எங்கும் போட்டிருக்கவில்லை. கூடுமானவரை அப்படிச் செய்வதைத் தவிர்க்கும்படி கடிதம் எழுதினார்கள். முயல்கிறேன் என்று அவளும் பதில் எழுதினாள்.

அது எப்படி இருக்கிறது என்று மட்டும் யாரும் அவளைக் கேட்டதில்லை. மற்ற கோல்கீப்பர்களின் பயத்துக்கு ஒரு பாய்ச்சல் கிடைக்கிறது, பயம் அதில் போய்க் கரைகிறது. மெரினின் உடம்பு மீன் விற்பவர்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் நடுவில், அவளைக் கேட்காமலேயே, எல்லாவற்றையும் முடித்துவிடுகிறது. மைதானத்தில் அவளுக்குச் செய்ய ஒன்றும் மிச்சமில்லை. ஆயிரம் பேர் பார்க்க, தன் வேலை சரியாக முடிந்திருக்கிறதா என்று தானும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். ஆரம்பத்தில் சில முறை அங்கேயே பாய்ந்து பார்க்க முயன்றாள். கால்கள் ஈரச் சிமெண்டில் புதைந்தவைபோல அசையவில்லை. தைரியசாலி என்று பத்திரிகையில் எழுதினார்கள். அதை வெட்டிப் பீரோவில் ஒட்டிய அம்மாவுக்காக அவள் ஒன்றும் சொல்லவில்லை.

ஏழு வருஷத்தில் அவளைத் தாண்டி ஒரு பந்தும் உள்ளே போகவில்லை. தேசிய அணிக்குத் தேர்வு செய்பவர்கள் இரண்டு முறை வந்துவிட்டு, அசையாத பெண்ணுக்கு எப்படி மதிப்பெண் போடுவது என்று தெரியாமல் திரும்பிப் போனார்கள். ஊரில் புதிதாகத் தொடங்கிய பெண்கள் கிளப்தான் அவளை ஒரு சீசனுக்குச் சேர்த்துக்கொண்டது. முழுநேர ஆட்டக்காரியாக இரண்டு வருஷ ஒப்பந்தம் சீசன் முடிந்த பிறகு என்றார்கள். கிளப்பின் செயலாளர் ராஜவேல் நல்ல மனிதர், எதையும் ஒளிக்கத் தெரியாதவர். "கோல் வுடாத வரைக்கும் ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டான்மா. ஒண்ணே ஒண்ணு உள்ள போச்சுன்னு வையி, அந்தப் பொண்ணு மரம் மாதிரி நின்னுச்சேன்னுதான் கேப்பானுங்க. அப்ப நான் கமிட்டிக்கு என்னான்னு சொல்லுவேன்?" என்றார். மெரினுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

2025 மார்ச் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை, பெர்னதெத், பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கான வெள்ளை உடுப்புகளைத் தைத்துக்கொண்டிருந்தாள். மெரின் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அப்போது உடம்பு இடது பக்கம், தரையை ஒட்டி, தையல் மெஷினுக்கும் கட்டிலுக்கும் நடுவில் பாய்ந்தது. கை முழுதாக நீண்டது. விரல் நுனிக்கு அப்பால், ஒரு விரல் அகலத் தூரத்தில், புல் வாசனையோடு ஏதோ ஒன்று கடந்து போனது. கையில் படவில்லை. அவள் வெள்ளைத் துணிகளின் மேல் படுத்தபடி, போனதன் காற்று அடங்கும்வரை கட்டிலின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிடிச்சியா?" என்றாள் அம்மா, மெஷினை நிறுத்தாமல்.

"ம்" என்றாள் மெரின்.

அன்றைக்குப் பிறகு உடம்பு அடங்கிவிட்டது. மறுநாள் பாயவில்லை, அதற்கு மறுநாளும் இல்லை. ஒரு வாரம் ஆனது, இரண்டு வாரம் ஆனது. பஸ்ஸில் காலியாக விட்ட இடம் காலியாகவே வந்தது. சீசனில் ஒரே ஓர் ஆட்டம் பாக்கி இருந்தது. அந்தச் செவ்வாய்க்கு முன் அவள் பிடித்து, இன்னும் உதைக்கப்படாமல் இருந்த பந்துகள் நான்கு. பெரிய மார்க்கெட்டில் ஒன்று, கோவிலில் ஒன்று, பஸ்ஸில் ஒன்று, அப்பா வேலை செய்யும் ஆஸ்பத்திரியில் லிஃப்டுக்குக் காத்திருந்தபோது ஒன்று. ஐந்தாவது, விட்டது. அதற்குப் பின்னால் எதுவுமே இல்லை. இதன் பொருள் என்ன என்று அவள் தனக்குள் ஒவ்வொரு விதமாகக் கேட்டுப்பார்த்தாள். எப்படிக் கேட்டாலும் ஒரே பதில்தான் வந்தது: அந்த கோல்தான் அவள் வாழ்க்கையின் கடைசிப் பந்து. நடந்து முடிந்த தோல்வி ஒன்று தேதி குறிக்காமல் வந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்துகொண்டே சாப்பிடவும், தலை பின்னவும், பயிற்சியில் சிரிக்கவும் வேண்டியிருந்தது. அதைவிட, அம்மாவிடம் சொன்ன அந்த ஒற்றை "ம்"தான் அவளை அதிகம் உறுத்தியது.

கடைசியில் பூர்ணிமாவிடம் சொன்னாள். பூர்ணிமா தடுப்பாட்டக்காரி. வில்லியனூர்ப் பக்கம் கரும்பு போடும் குடும்பம். வாயும் காலும் ஒரே வேகம்.

"அவ்ளோதானா? நான்கூட மாசமா இருக்கியோன்னு பயந்துட்டேன்."

"வெளையாடாதடி. அஞ்சாவது பந்து உள்ள போயிடும்."

"நாலு வரைக்கும் உன் பாடு. அஞ்சாவது வந்தாத்தான உள்ள போவும்? உதைக்கவே வுட மாட்டேன். காலு இல்ல, மூஞ்சியக் குடுக்கறேன், போதுமா?"

மார்ச் முப்பது, ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணி. டிரா செய்தாலே போதும், கிளப் அடுத்த வருஷமும் இதே பிரிவில் இருக்கும். தோற்றால் கீழே இறங்கிவிடும், கமிட்டி கிளப்பை மூடிவிடும் என்று பேச்சு. ஒன்பதாவது நிமிஷத்தில் முதல் பந்து வந்தது. வலது பக்கம், தோள் உயரம். மார்க்கெட். அது காற்றில் மோதி விழுந்ததும் கூட்டம் கைதட்டியது, மெரின் பாக்கி மூன்று என்று எண்ணினாள். கோவிலில் பிடித்தது இருபத்தேழாவது நிமிஷத்தில் வந்தது. பஸ்ஸில் பிடித்தது இடைவேளைக்குச் சற்று முன்பு. தடுக்கப்படும் ஒவ்வொரு பந்தும் மற்றவர்களுக்கு நிம்மதி, அவளுக்குக் கழியும் ஒரு நாள். இடைவேளையில் பயிற்சியாளர் சந்திரகலா, "நல்லா நிக்கிற மெரின், அப்படியே நில்லு" என்றார். பூர்ணிமா தண்ணீர் பாட்டிலை நீட்டியபடி ஒற்றை விரலைக் காட்டினாள். இன்னும் ஒன்று.

எழுபத்தோராவது நிமிஷத்தில் லிஃப்டின் முன் பிடித்த பந்து வந்து போனது. அதற்கு மேல் மெரினின் முன்னால் ஒன்றும் இல்லை, அந்த ஐந்தாவதைத் தவிர. பூர்ணிமா சொன்னதைச் செய்தாள். ஒன்றை வயிற்றில் வாங்கினாள், ஒன்றைத் தொடையில், ஒன்றை நிஜமாகவே முகத்தில். மூக்கில் பஞ்சு அடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். எண்பத்தெட்டாவது நிமிஷத்தில் எதிரணிப் பெண் பெனால்டி பெட்டிக்குள் பந்தை ஓங்கி உதைத்தாள். எந்த நல்ல தடுப்பாட்டக்காரியும் அந்தப் பந்தைத் தன் பின்னால் நிற்கும் கோல்கீப்பருக்கு விட்டிருப்பாள். பூர்ணிமாவால் விட முடியவில்லை. பாய்ந்து இரண்டு கைகளாலும் அதைத் தடுத்தாள், வாலிபால் ஆடுகிறவளைப்போல. நடுவர் விசிலை ஊதிச் சிவப்பு அட்டையைத் தூக்கினார், பெனால்டி என்று கையைக் காட்டினார்.

மைதானத்தை விட்டுப் போகும் வழியில் பூர்ணிமா கோல் பக்கம் வந்தாள். மூக்கில் பஞ்சு இருந்ததால் அழுவது பேச்சில் தெரிந்தது. "நானே கூட்டியாந்து வுட்டுட்டேன்டி" என்றாள்.

"போ, நடுவர் பாக்குறாரு" என்றாள் மெரின்.

கோட்டின் மேல் நின்றாள். கால்கள் புதைந்தன. அந்த நேரத்தில் அவள் ஒப்பந்தத்தை நினைக்கவில்லை, கிளப்பை நினைக்கவில்லை. கைகளைத் தொங்கவிட்டபடி சும்மா நின்று தோற்பதை அம்மா கேலரியில் உட்கார்ந்து பார்க்கப்போகிறாள் என்பது மட்டும்தான் மனதில் இருந்தது. பாய்ந்துதான் விட்டேன் மம்மி, உன் கண் முன்னால்தான் பாய்ந்தேன் என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. எதிரணிப் பெண் நான்கு அடி ஓடிவந்து இடது பக்கம், தரையை ஒட்டி உதைத்தாள். மெரினுக்கு அந்தப் பந்தைத் தெரியும். அதன் வேகம் தெரியும், புல் வாசனை தெரியும். தையல் மெஷினுக்கும் கட்டிலுக்கும் நடுவில் அவள் விரல் முடிந்த இடத்தைத் தாண்டி, ஒரு விரல் அகலத் தூரத்தில் அது கடந்தது. கடந்து, கோல் கம்பத்தின் வெளிப்பக்கத்தை உரசி, விளம்பரப் பலகையில் போய் மோதியது.

மெரின் திரும்பி அந்தக் கம்பத்தைப் பார்த்தாள். வெள்ளையடித்த, சாதாரணக் கம்பம். அம்மாவின் தையல் அறையில் கம்பம் இல்லை. மார்க்கெட்டிலும் இல்லை, கோவிலிலும் இல்லை. இத்தனை வருஷமும் பந்து கையில் பட்டுக்கொண்டே இருந்ததால், கம்பம் எங்கே என்று கேட்க அவளுக்குத் தோன்றியதே இல்லை. கையில் படாதது எல்லாம் உள்ளே போகும் என்று முடிவு கட்டியது அவள்தான். சந்தோஷம் வரவில்லை. வெளியே போகிற பந்து ஒன்றுக்காகத் தன்னைப் பத்தொன்பது நாள் வதைத்துக்கொண்ட கோபம்தான் முதலில் வந்தது. ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்தது. ராஜவேல் ஓடிவந்து, எப்படிம்மா அசையாம நின்ன என்று கேட்டார். வெளிய போற பந்து சார் என்றாள். அவர் அதைக் கமிட்டியிடம் துல்லியமான கணிப்பு என்று சொன்னார். கமிட்டி ஒப்பந்தம் தர ஒத்துக்கொண்டது.

ஏப்ரல், மே, ஜூன் முழுக்க உடம்பு பாயவில்லை. ஆட்டமே இல்லாதபோது பந்து எங்கிருந்து வரும் என்று பூர்ணிமா சொன்னாள். மெரினுக்கும் அது தெரியும், இருந்தும் நம்ப முடியவில்லை. ஜூலை கடைசியில், புது சீசனுக்கு மூன்று வாரம் இருக்கையில், மிஷன் வீதியில் ஒரு துணிக்கடைக்கு மேல் இருந்த கிளப் அலுவலகத்தில் அம்மாவோடு போய் உட்கார்ந்தாள். ராஜவேல் தாள்களை விரித்தார். பெயருக்கு எதிரே கோல்கீப்பர் என்று அச்சிட்டிருந்தது. அதைப் பார்த்தபடி பேனாவை வைத்துக்கொண்டு அவள் வெகுநேரம் இருந்தாள். நான்கு மாதமாக வாய் திறக்காத இந்த உடம்பு இனியும் கோல்கீப்பர்தானா என்று தெரியாமல் எப்படிக் கையெழுத்துப் போடுவது? ராஜவேல் தொண்டையைச் செருமினார். அப்போது உடம்பு எழுந்து, வலது பக்கம், மேலே, முழு நீளத்துக்குப் பாய்ந்து, நாற்காலி ஒன்றையும் கோப்பைகள் வைத்த அலமாரியையும் இடித்துக்கொண்டு தரையில் விழுந்தது.

சத்தம் அடங்கியது. கீழே கடையில் யாரோ என்னாச்சு என்று கேட்டார்கள். மெரின் மல்லாந்து படுத்தபடி தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். வெள்ளையாகவே இருந்தன. முகம் முழுக்கச் சிரிப்பு வந்தது, அடக்க முடியவில்லை.

"கையில படல மம்மி. வுட்டுட்டேன்" என்றாள்.

ராஜவேல் அம்மாவைப் பார்த்தார். பெர்னதெத் குனிந்து மகளின் முழங்கையில் பஞ்சு பிய்ந்திருக்கிறதா என்று பார்த்தாள்.

"சரி, எழுந்திரு. எழுந்து கையெழுத்தப் போடு. பப்பா வண்டிய நோ பார்க்கிங்ல வுட்டுட்டுக் கீழ நிக்கிறாரு" என்றாள்.

மெரின் எழுந்து, நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்து, காட்டிய மூன்று இடங்களிலும் கையெழுத்துப் போட்டாள்.