பால் பொங்குது பாரு

1

இது எனக்குச் சொந்தமான கதை அல்ல. என் வீட்டுக் கணினியைப் பழுதுபார்க்க வந்த சின்னசாமி சொன்னது. (சின்னசாமி என்பதும் நான் வைத்த பெயர்தான். உண்மைப் பெயரைப் போடக் கூடாது என்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.)

சேலத்திலிருந்து பஸ் ஏறி ஏற்காட்டுக்கு வந்தவர், பெட்டியின் மூடியைக் கழற்றும் முன்பு கேட்டார். "ஏனுங்க, இதுக்குள்ள வேணுங்கிறது ஏதாச்சும் இருக்குதுங்களா?"

இல்லை என்றேன். கொஞ்ச நேரம் கழித்து அதையே கேட்டார். பிறகு மறுபடியும். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"எத்தனை தடவைங்க கேட்பீங்க?"

"கோவிச்சுக்காதீங்க. ஒரு ஊட்டுல ஒரே ஒரு தடவ கேட்டுட்டு ஆரம்பிச்சுட்டேன்" என்றார்.

2

அந்த வீடு ஏற்காட்டை அடுத்த கொட்டச்சேட்டில். முதலில் எழுதிய தொடக்கம் இது: "கொட்டச்சேட்டின் காப்பிச் செடிகள்மேல் மூடுபனி இறங்கிக்கொண்டிருந்த அந்தக் காலையில்"

நிறுத்திவிட்டேன். மலையைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே மூடுபனி தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. அன்று நல்ல வெயில் என்று சின்னசாமி சொல்லியிருந்தார்.

இரண்டாவது தொடக்கம்: "கருப்பண்ணன் எஸ்டேட் ரைட்டர்." இது இருக்கட்டும். காலையில் ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, யாருக்கு எந்தக் காடு என்று வேலை பிரித்துக் கொடுப்பவர். (எனக்கும் அதே பட்டம்தான். என் வேலைக்குக் குரல் தேவையில்லை.) அவர் ஆபீஸ் வாசலில் நின்று கூப்பிட்டால் எதிர்ச் சரிவில் காப்பிப் பழம் பறிப்பவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்களாம். அப்படிப் பறித்தவர்களில் ஒருத்தி மாரியம்மாள். பிறகு அவர் மனைவி.

மகள் மல்லிகாவுக்குப் பெங்களூரில் வேலை. கம்பெனியில் கழித்துப்போட்ட கணினி ஒன்றை வாங்கி, தொண்ணூற்றேழு தீபாவளிக்குப் பஸ்ஸிலேயே கொண்டுவந்து சேர்த்தாள். எல்லாவற்றையும் பிளாப்பிகளில் நகல் எடுத்து, "கெட்டுப்போனா இதுல இருந்து திரும்பப் போட்டுக்கலாம்" என்று ஒரு டப்பாவில் வைத்தாள். ஒவ்வொரு பிளாப்பியாக எடுத்துக் கொடுத்தவர் அப்பா.

அடுத்து வந்த பொங்கலுக்கு ஒரு மைக் வாங்கி வந்தாள்.

"பேசுங்கப்பா."

"என்னத்தக் கண்ணு பேசறது?"

அதற்குள் அடுப்படியில் சட்டி சீறியது. திரும்பி ஒரு சத்தம் போட்டார்: "மாரீ, பால் பொங்குது பாரு!"

அது பதிவாகிவிட்டது. கணினியைப் போட்டதும் வழக்கமாக வரும் இசையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மல்லிகா இதை வைத்தாள். மறுநாள் சுவிட்சைப் போட்டபோது வாசல் கூட்டிக்கொண்டிருந்த மாரியம்மாள் விளக்குமாற்றோடு அடுப்படிக்கு ஓடினாள். அடுப்பே பற்றவைக்கவில்லை. மூன்று பேரும் வயிறு நோகச் சிரித்திருக்கிறார்கள்.

3

அந்த வருஷமே கருப்பண்ணனுக்குத் தொண்டையில் புற்று. ஆபரேஷனில் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை. மூச்சு அதன் வழியாகத்தான். எஸ்டேட்டில் பேர் கூப்பிட வேறு ஆள் வந்தார். வீட்டில் மனைவியைக் கூப்பிட வேண்டுமென்றால் டம்ளரால் சுவரைத் தட்டினார்.

அதன்பிறகு மாரியம்மாள் தினமும் காலையில் பாலை அடுப்பில் வைத்துவிட்டு வந்து கணினியைப் போடுவாள்.

"மாரீ, பால் பொங்குது பாரு!"

"பாத்துட்டனுங்க!" என்று பதில் சொல்லிக்கொண்டே உள்ளே போவாள். பிறகு வந்து, மகள் சொல்லிக்கொடுத்தபடி முறையாக அணைப்பாள். அந்தக் கணினிக்கு வேறு வேலை எதுவும் இல்லை.

அந்த நேரத்தில் கருப்பண்ணன் புறவாசலுக்குப் போய், கழுவிய முகத்தையே மறுபடியும்

(இந்த வரிக்குச் சாட்சி கிடையாது. நானே கட்டியது. அந்தக் குரலைக் கேட்க அவருக்குப் பிடித்ததா, வலித்ததா என்று யாரும் அவரைக் கேட்கவில்லை.)

4

ஐப்பசி மழைக்குப் பிறகு ஒருநாள் கணினி கிளம்பவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளையாக ஒரே ஒரு வரி. மாரியம்மாள் எஸ்டேட் ஆபீஸுக்கு ஓடிப்போய் மகளுக்குப் போன் செய்தாள். மல்லிகாவுக்கு லீவு கிடைக்கவில்லை. தெரிந்தவர்களிடம் விசாரித்து சின்னசாமியை அனுப்பிவைத்தாள்.

அவர் பார்த்தார். உள்ளே ஹார்டு டிஸ்கில் ஒரு பகுதி கெட்டிருந்தது. முழுவதையும் அழித்துப் புதிதாகப் போட்டால் ஓடும்.

"ஏனுங்கம்மா, இதுல வேணுங்கிறது ஏதாச்சும் இருக்குதுங்களா? பேக்கப் எடுத்து வெச்சிருக்கீங்களா?"

"எல்லாம் இதுல இருக்குதுங்க தம்பி. எம்புள்ள எடுத்து வெச்சுட்டுத்தான் போனா" என்று டப்பாவை நீட்டினாள்.

கருப்பண்ணன் கதவோரம் நின்றிருந்தார். கையைத் தூக்கினார்.

"டீ வேணுமான்னு கேக்கறாருன்னு நெனச்சனுங்க. வேண்டாமுங்கய்யான்னு சொல்லிட்டு அழிக்கக் குடுத்துட்டேன்" என்றார் சின்னசாமி என்னிடம்.

தூக்கிய கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றதாம். பிறகு இறங்கிவிட்டது.

இங்கே இந்தப் பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம். பிளாப்பிகளை எடுத்துக் கொடுத்தவர் அவர். அவை தீபாவளியில் எடுத்தவை, குரல் பொங்கலில் வந்தது என்பதைச் சேர்த்துப் பார்க்கக்கூடியவர் அந்த அறையில் அவர் மட்டுமே. டம்ளர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஏன் தட்டவில்லை? 'போய்த் தொலையட்டும் என்று நினைத்தார்' என்று எழுதினேன். அடித்தேன். 'தட்டித் தட்டிச் சலித்துவிட்டார்' என்று எழுதினேன். அதையும் அடித்தேன். 'அவருக்கும் அந்தக் கணம் மறந்துபோயிருந்தது' என்று எழுதியபோது பொய் சொல்வதுபோல இருந்தது. கை இறங்கியது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

5

சாயங்காலம் வரை ஆயிற்று. ஒரு பிளாப்பிகூடப் பழுதில்லை. எல்லாம் திரும்ப வந்தது. சின்னசாமி கணினியைப் போட்டார். மணியடித்ததுபோல் ஒரு இசை வந்தது.

மாரியம்மாள் காத்திருந்தாள்.

"அவ்வளவுதானுங்கம்மா. நல்லா ஓடுதுங்க."

"இது என்னுங்க, என்னமோ ஊதுது?"

"விண்டோஸ் பாட்டுங்க."

"எங்க ஊட்டுக்காரரு எங்கீங்க?"

கருப்பண்ணன் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தார். சின்னசாமி அவரைக் கைகாட்டினார். அவள் திரும்பவில்லை. "இதுக்குள்ள இருந்தாருங்க தம்பி" என்றாள்.

பிறகுதான் சின்னசாமிக்கு விஷயம் புரிந்தது. "முன்னயே சொல்லியிருந்தா அத மட்டும் தனியா எடுத்திருப்பனுங்க. சின்ன பைலுங்க" என்று என்னிடம் சொன்னார்.

(மல்லிகாவிடம் வேறு நகல் இருக்குமே என்பீர்கள். இல்லை. அந்தக் கணினியிலேயே பேசவைத்து அதிலேயே விட்டுவிட்டாள். கல்யாணக் கேசட்? அவர்கள் கல்யாணத்துக்கு மைக்செட்டே கிடையாது. இருக்கும்வரை அவர் குரலைச் சேர்த்துவைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஊருக்கே கேட்கிற குரல்.)

அணைத்துவிட்டு மறுபடியும் போடச் சொன்னாள். போட்டார். அதே இசை. மறுபடியும் போடச் சொன்னாள். போட்டார். கடைசியில் அவளே திரும்பிக் கணவரைப் பார்த்தாள்.

"நீங்களே ஒருக்காச் சொல்லுங்க. வாயையாச்சும் அசைங்க."

கருப்பண்ணன் வாயைத் திறந்தார். உதடுகள் அசைந்தன. கழுத்துத் துளையிலிருந்து காற்று சீறி வந்தது. மாரியம்மாள் தலையைச் சாய்த்து, அவர் வாயருகே காதைக் கொண்டுபோனாள். அவர் மறுபடியும் சொன்னார்.

"கேக்கலீங்க" என்றாள்.

சின்னசாமி கூலியும் வாங்காமல் கடைசி பஸ்ஸுக்கு ஓடிவந்துவிட்டார். அவர் பார்த்தது இவ்வளவுதான்.

6

இதோடு ஒரு முடிவை ஒட்டப் பார்த்தேன். பெங்களூரில் மல்லிகாவின் பழைய பெட்டியில் ஒரு பிளாப்பி கிடைக்கிறது, அவள் அதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறுகிறாள், அடிவாரம் தாண்டி வளைவுகளில் பஸ்

வேண்டாம். போனில் கேட்டாயிற்று, கிடையாது.

இன்னொன்றில், மாரியம்மாள் மறுநாள் கணினிக்குத் துணி போர்த்தி மூடுகிறாள். கணவர் டம்ளரால் சுவரைத் தட்டுகிறார். "பாத்துட்டனுங்க" என்கிறாள். நன்றாகத்தான் இருந்தது. படித்தவர்கள் அழுதிருப்பார்கள். ஆனால் சின்னசாமி பிறகு ஒருமுறை கொட்டச்சேடு போய் வந்திருக்கிறார். கணினி போர்த்தாமலே கிடந்ததாம். மாரியம்மாள் வெறும் காப்பி கொடுத்தாளாம். அந்த வீட்டில் இப்போது பால் வாங்குவதில்லை.

இதற்குமேல் எனக்கு ஓடவில்லை. முடிவை நீங்கள்தான் எழுதிக்கொள்ள வேண்டும். மகளை வரவழையுங்கள், இருவரையும் பெங்களூருக்கு அனுப்புங்கள், உங்கள் இஷ்டம். அவரை மட்டும் பேசவைக்காதீர்கள். நான் அந்த ஒரு வரியைப் பலமுறை எழுதி, கதவைச் சாத்திக்கொண்டு உரக்கப் படித்துப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் என் குரல்தான் கேட்டது.